புதினாக் குடும்பத்து எண்ணெய்கள் புற்றுநோயைக் குணமாக்குமா?

கொடைரோட்டில் ரயிலை விட்டு இறங்கி மலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் தைலம் வாங்காமல் வருவது அரிது. பல காலமாக அது யூகலிப்டஸ் தைலம்தான். இப்போது பெப்பர்மின்ட், லாவெண்டர், ரோஸ்மேரி, துளசி என்று சின்னச் சின்னப் புட்டிகளும் கடை அலமாரிகளில் சேர்ந்துவிட்டன. கைப்பேசியைத் திறந்தால் இன்னும் ஏராளம். தலைவலிக்கும் சளிக்கும் என்று விற்ற காலம் போய், "புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும் என்று ஆய்வில் நிரூபணம்" என்ற வரி சேர்ந்துகொண்டது. காலையில் வெந்நீரில் ஐந்து சொட்டு விட்டுக் குடித்தால் கட்டி கரையும் என்று சொந்தக்காரர் அனுப்பும் காணொளியை நம்பி, கீமோவைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கேள்வியை முழுசாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதினாக் குடும்பத்து வாசனை எண்ணெய் எதுவும் புற்றுநோய்க்கான மருந்தாக எந்த நாட்டிலும் ஏற்கப்படவில்லை. ஆனால் அந்த ஆய்வுகள் பொய்யல்ல. ஆய்வகத்தில் செல்கள் சாவது உண்மை. எதனால் சாகின்றனவோ, அதே காரணத்தால் இந்த எண்ணெய்கள் மனித உடம்பையும் கெடுக்கக்கூடும். விளம்பரம் மறைப்பது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

முதலில் செடிகளைப் பார்ப்போம். லேமியேசி என்று தாவரவியலார் சொல்லும் புதினாக் குடும்பத்தில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவற்றுக்குத் தண்டு நான்கு பட்டையாக இருக்கும், இலைகள் எதிரெதிரே முளைக்கும், கசக்கினால் மணக்கும். நம் வீட்டுத் தொட்டியில் இருக்கும் துளசி, கற்பூரவல்லி, வயலோரத்துத் தும்பை, பேய்மிரட்டி, சப்ஜா விதை தரும் திருநீற்றுப்பச்சிலை, மாலையில் சேர்த்துக் கட்டும் மரு எல்லாம் இதில் அடக்கம். ஆவி பிடிக்க உதவும் நொச்சியையும் கதவுக்கு ஆகும் தேக்கையும்கூட இப்போது இதே குடும்பத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டிலும் திண்டுக்கல் பூ மார்க்கெட்டிலும் மல்லிகையோடு துளசியும் மருவும் எடை போட்டு விற்கும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் குடும்பம் அந்நியமில்லை.

இலை வேறு, எண்ணெய் வேறு. மல்லிகை விலை சரிந்தால் பூவை எடுத்துக்கொள்ளும் சென்ட் ஃபேக்டரிகளில் ஹெக்சேன் என்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து வாசனையை எடுப்பார்கள். புதினா, துளசி போன்ற இலைகளுக்கு நீராவிதான் வழி. கொப்பரையில் இலையை அடைத்து அடியிலிருந்து நீராவியை விட்டால், ஆவியாகக்கூடிய பொருள்கள் மட்டும் அதோடு கிளம்பிக் குளிர்குழாயில் தண்ணீரும் எண்ணெயுமாக இறங்கும். உத்தரப்பிரதேசத்தின் பாராபங்கி, பதாயூன் பக்கம் லட்சக்கணக்கான விவசாயிகள் ஜப்பான் புதினாவை இப்படித்தான் வடிக்கிறார்கள். உலக மெந்தால் புதினா எண்ணெயில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்தே போகிறது. 100 கிலோ இலைக்கு அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை எண்ணெய் கிடைக்கும். துளசியில் அதைவிடக் குறைவு. அப்படியென்றால் ஒரு டீஸ்பூன் புதினா எண்ணெயில் ஏறத்தாழ ஒரு கிலோ இலையின் சாரம் இருக்கிறது. துவையலுக்கு ஒரு கைப்பிடி அரைக்கிற பழக்கத்தை வைத்துக்கொண்டு, "இலைதானே, என்ன செய்துவிடும்" என்று எண்ணெயை எடைபோடக் கூடாது.

இன்னொரு குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. துளசி, ரோஸ்மேரி பற்றி நல்ல விதமாகப் பேசப்படும் ரோஸ்மரினிக் அமிலம், உர்சாலிக் அமிலம் போன்றவை ஆவியாகாதவை. நீராவியில் வடித்த எண்ணெயில் அவை வரவே வராது. இலைச் சாற்றை வைத்துச் செய்த ஆய்வின் முடிவை எண்ணெய்ப் புட்டியின் மேல் ஒட்டி விற்பது, தெரிந்து செய்தால் மோசடி. தெரியாமல் செய்தால் அறியாமை. வாங்குகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

எண்ணெய்க்குள்ளும் ஒரே சரக்கு இல்லை. திருநீற்றுப்பச்சிலையில் ஒரு வகையில் லினலூல் மிகுதி; இந்தியாவில் வணிகத்துக்கு வடிக்கும் வகையில் மெதில் சாவிகால் மிகுதி. துளசியில் சிலவற்றில் யூஜினால், சிலவற்றில் மெதில் யூஜினால் மேலோங்கும். கற்பூரவல்லியில் கார்வக்ரோலும் தைமாலும். ஓமத்தண்ணியின் வாடை அதில் அடிப்பது இந்தத் தைமாலால்தான். மண், பருவம், அறுப்பு நேரம் என ஒவ்வொன்றும் இந்த விகிதத்தை மாற்றும். "துளசி எண்ணெய் புற்றுநோய்ச் செல்லைக் கொன்றது" என்ற வாக்கியத்தில் எந்தத் துளசி என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அந்த வாக்கியத்துக்குப் பாதி மதிப்புதான்.

இனி ஆய்வகத்துக்குள் போவோம். இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே கருவியில் நடக்கின்றன: எட்டுக்குப் பன்னிரண்டு என்று 96 குழிகள் கொண்ட, உள்ளங்கை அகல பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் சில ஆயிரம் புற்றுநோய்ச் செல்கள். மார்பகப் புற்றுக்கு எம்.சி.எஃப்.-7, கர்ப்பப்பைவாய்ப் புற்றுக்கு ஹீலா, கல்லீரலுக்கு ஹெப்-ஜி2. எண்ணெயைப் பல அளவுகளில் விட்டு ஒன்றிரண்டு நாள் வைத்திருந்து, எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்ப்பார்கள். உயிரோடு இருக்கும் செல் அதை ஊதாவாக்கும். செத்த செல்லால் முடியாது. ஊதா எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவு செல்கள் செத்தன என்று கணக்கு. பாதிச் செல்களை முடக்கும் அளவுக்கு ஐ.சி.50 என்று பெயர். கார்வக்ரோல், தைமால், லினலூல், யூஜினால், பெரில்லைல் ஆல்கஹால் எல்லாம் இந்தத் தட்டில் தேறியவை. எப்படிக் கொல்கின்றன என்பதும் ஓரளவு தெரியும். கொழுப்பில் கரையும் இந்த மூலக்கூறுகள் செல்லின் சவ்வுக்குள் புகுந்துகொள்கின்றன. மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தம் குலைகிறது. ஆக்சிஜன் நஞ்சுகள் பெருகி, செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் நிலைக்கு வருகிறது.

சவ்வும் மைட்டோகாண்ட்ரியாவும் புற்றுநோய்ச் செல்லுக்கு மட்டுமா இருக்கின்றன? இந்த இடத்தில்தான் பல ஆய்வறிக்கைகள் வழுக்குகின்றன. நல்ல செல்லையும் அதே தட்டில் வைத்து, புற்றுச் செல்லைக் கொல்லும் அளவில் அது பிழைக்கிறதா என்று பார்க்காத ஆய்வு எதையும் சொல்லவில்லை. டெட்டாலை விட்டாலும் ஹீலா செல்கள் சாகும்.

தட்டிலேயே வேறு சிக்கல்களும் உண்டு. இந்த எண்ணெய்கள் தண்ணீரில் கரையாது. கரைப்பதற்குச் சேர்க்கும் பொருளே அளவு மீறினால் செல்லைக் கொல்லும். அறை வெப்பத்திலேயே ஆவியாகும் பொருளை 37 டிகிரி சூட்டில் ஒரு நாள் வைத்தால், விட்ட குழியில் குறைந்து பக்கத்துக் குழிகளில் போய்ப் படியும். எண்ணெய் விடாத ஒப்பீட்டுக் குழியையும் அது பாதிக்கும். தட்டை ஒட்டி மூடினார்களா, குழிகளைத் தள்ளித் தள்ளி வைத்தார்களா என்பதை எழுதாத அறிக்கையின் எண்களை நான் நம்பத் தயங்குவேன். தூய்மைப்படுத்தாத தாவரச் சாறு ஒன்று மேற்கொண்டு ஆராயத் தக்கதா என்பதற்கு அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பெயரால் சொல்லப்படும் எல்லை, மி.லி.க்கு 20 மைக்ரோகிராம் அளவு. அதைத் தாண்டி 100, 200 என்று வந்ததையும் "சிறந்த எதிர்ப்பாற்றல்" என்று எழுதிய கட்டுரைகள் ஏராளம்.

ஐ.சி.50 மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் என்று வைத்து ஒரு கணக்குப் போடுவோம். வளர்ந்த மனிதர் உடம்பில் சுமார் 40 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அது முழுவதும் அந்தச் செறிவு வேண்டுமென்றால் 2 கிராம் எண்ணெய் சிதையாமல், ஒரே நேரத்தில் கலந்து நிற்க வேண்டும். குடல் இழுப்புக்குக் கொடுக்கும் பெப்பர்மின்ட் மாத்திரையில் இருப்பது 0.2 மி.லி. அப்படிப் பத்துப் பதினொன்றை ஒரே மூச்சில் விழுங்கினாலும் நடக்காது, கல்லீரல் விடாது. குடலிலிருந்து வரும் மெந்தாலை அது உடனே குளுகுரோனிக் அமிலத்தோடு பிணைத்துச் சிறுநீருக்கு அனுப்பிவிடும். மெந்தால் விழுங்கியவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது கிடைத்தது இந்தப் பிணைந்த வடிவம்தான். தட்டில் கிடக்கும் செல்லுக்குக் கல்லீரல் கிடையாது.

இதற்கெல்லாம் அப்பால் போய், மனிதர்களிடமே சோதித்த ஒரு மூலக்கூறும் உண்டு: பெரில்லைல் ஆல்கஹால். புதினா, லாவெண்டர், பெரில்லா ஆகியவற்றின் எண்ணெயில் சிறிதளவு இருக்கும் பொருள் அது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கூல்ட் குழுவினர் 1990-களில் எலிகளின் மார்பகக் கட்டிகளுக்கு அதைக் கொடுத்துக் கட்டிகள் சுருங்குவதைக் கண்டார்கள். மருத்துவ உலகம் உண்மையாகவே எதிர்பார்த்தது. மார்பகம், சினைப்பை, விந்துச்சுரப்பி (புரோஸ்டேட்), பெருங்குடல் என்று பல புற்றுகளுக்கு நோயாளிகளிடம் சோதித்தார்கள். எலிக்குக் கொடுத்த அளவை எட்ட, மனிதர்கள் எண்ணெய் நிரப்பிய பெரிய மாத்திரைகளை நாளுக்குப் பல வேளை, கிராம் கணக்கில் விழுங்க வேண்டியிருந்தது. குமட்டல், ஏப்பம், வயிற்று உபாதை, சோர்வு என்று பலர் பாதியில் நின்றார்கள். கட்டிகள் குறிப்பிடும்படி சுருங்கவில்லை. வாய்வழிச் சோதனைகள் அதோடு ஓய்ந்தன.

கதை அங்கே முடியவில்லை. பிரேசிலில் புளூமினென்ஸ் பல்கலைக்கழகத்தின் க்ளோவிஸ் ட ஃபொன்சேகா, அதே பொருளை மூக்கு வழியே உறிஞ்சக் கொடுத்தார். மற்ற வைத்தியம் பலிக்காமல் திரும்பி வந்த மூளைக் கட்டிகள் அவர் எடுத்துக்கொண்டவை. கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போவதால் அளவு மிகக் குறைவாகவே போதும். சிலரிடம் கட்டி வளர்வது தாமதப்பட்டதாக அவர் குழு எழுதியது. ஆனால் சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஒப்பீட்டுக் குழு அந்தச் சோதனைகளில் இல்லை. அதே பாதையில், மிகவும் தூய்மைப்படுத்திய வடிவத்தை அமெரிக்காவில் நியோ100 என்ற பெயரில் சோதித்துவருகிறார்கள். இந்தக் குடும்பத்து எண்ணெய்களில் இருக்கும் பொருள்களில் நான் நம்பிக்கையோடு கவனிக்கும் ஒன்று இது. அதுவும்கூட ஒரே ஒரு மூலக்கூறு, அளந்த அளவு, மருத்துவர் கண்காணிப்பு. கடையில் வாங்கும் லாவெண்டர் எண்ணெயை மூக்கில் விட்டுக்கொள்வதற்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை.

மெந்தாலைப் பற்றியும் ஒரு சுவையான செய்தி உண்டு. அது வாயில் குளிர்ச்சியாக உணரப்படுவதற்குக் காரணமான டி.ஆர்.பி.எம்.8 என்ற வாயில்புரதத்தின் மரபணு, 2001-இல் விந்துச்சுரப்பித் திசுவில்தான் முதலில் கண்ணில்பட்டது. விந்துச்சுரப்பிப் புற்றில் அது மிகுந்திருந்தது. மறு வருடம் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் தனித்தனியாக அதைக் குளிர் உணரும் வாயில் என்று கண்டறிந்தார்கள். அறிவியலுக்கு அருமையான தடயம். மருந்து இன்னும் வரவில்லை.

நச்சுத்தன்மையில் முதலில் சொல்ல வேண்டியது புலிகோன். பென்னிராயல் என்ற ஐரோப்பியப் புதினா இனத்தின் எண்ணெயில் இது மிகுதி. பெப்பர்மின்ட்டிலும் கொஞ்சம் உண்டு. 1978-இல் அமெரிக்காவின் கொலராடோவில் 18 வயதுப் பெண் ஒருவர் கருவைக் கலைக்க எண்ணிச் சுமார் 30 மி.லி. பென்னிராயல் எண்ணெயைக் குடித்தார். கல்லீரல் கெட்டுச் சில நாளில் இறந்துபோனார். 1996-இல் வந்த மருத்துவ அறிக்கை ஒன்றில், வீட்டில் வளர்த்த புதினா என்று காய்ச்சிக் கொடுத்த கஷாயத்தால் பாதிக்கப்பட்ட இரண்டு கைக்குழந்தைகளில் ஒன்று இறந்தது பதிவாகியிருக்கிறது. புலிகோனைக் கல்லீரல் மெந்தோஃபியூரானாகவும் அதைவிட வீரியமான பொருள்களாகவும் மாற்றுகிறது. காவலாக இருக்கும் குளுட்டாதையோன் தீர்ந்ததும் செல்கள் மடிகின்றன. அளவுக்கு மிஞ்சிய பாராசிட்டமாலும் இதே வழியில்தான் கல்லீரலைக் கெடுக்கிறது. இரண்டுக்கும் என்-அசிடைல் சிஸ்டீன்தான் கொடுக்கப்படுகிறது. நம் மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக வரும் புதினா பென்னிராயல் அல்ல. சட்னிக்குப் பயப்பட வேண்டாம்.

அடுத்தது, கேட்கவே விசித்திரமானது. புற்றுநோயைக் கொல்லும் என்று விற்கும் எண்ணெயிலேயே புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருளும் இருக்கலாம். உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புலிகோனை "புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை" என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. துளசியின் சில வகைகளில் மிகுந்திருக்கும் மெதில் யூஜினாலை 2023-இல் ஒரு படி உயர்த்தி 2ஏ-வில், அதாவது "பெரும்பாலும் உண்டாக்கும்" என்ற பிரிவில் சேர்த்தது. செயற்கையாகச் செய்த இவ்விரண்டையும் உணவுச் சுவையூட்டிகளாகச் சேர்க்கத் தந்த அனுமதியை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் விலக்கிக்கொண்டது. திருநீற்றுப்பச்சிலையின் மெதில் சாவிகாலும் கல்லீரலில் மாற்றமடைந்து மரபணுவில் ஒட்டிக்கொள்ளும் என்பதை விலங்கு ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்தப் பிரிவுகள் ஒரு பொருளுக்கு அத்தகைய இயல்பு உண்டா என்பதைச் சொல்பவை. எவ்வளவு உண்டால் எத்தனை பேருக்கு வரும் என்பதைச் சொல்பவை அல்ல. கோயிலில் வாயில் போட்டுக்கொள்ளும் இரண்டு துளசி இலையால் ஒன்றும் வந்துவிடாது. மாதக்கணக்கில் தினமும் எண்ணெயைக் குடிப்பது வேறு கதை.

இன்னும் சில அபாயங்கள். சளி பிடித்த கைக்குழந்தையின் மூக்கடியில் மெந்தால் தைலம் தடவுவது நம் ஊரில் சாதாரணம். அது குரல்வளையை இறுக்கி மூச்சை நிறுத்தியதுண்டு. கூடாது. கற்பூரமும் துஜோனும் உள்ள எண்ணெய்கள் வலிப்பைத் தூண்டும். ரோஸ்மேரியிலும் சேஜிலும் கற்பூரம் உண்டு. யூகலிப்டஸ், கற்பூரத் தைலங்களால் வலிப்பு வந்த நோயாளிகளைப் பற்றி பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். லாவெண்டர் எண்ணெய் தடவிய சிறுவர்களுக்கு மார்பு வீங்கியதாக 2007-இல் ஓர் அறிக்கை வந்தது. அது பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் ஈஸ்ட்ரஜனால் வளரும் மார்பகப் புற்று உள்ளவர் அதை அறிந்திருப்பது நல்லது. மிக முக்கியமானது, கீமோ மருந்துகளைச் சிதைக்கும் அதே கல்லீரல் நொதிகளில் சிலவற்றைப் பெப்பர்மின்ட் எண்ணெயால் தடுக்க முடியும். தடுத்தால் மருந்தின் அளவு ரத்தத்தில் கணக்கு மீறும்.

"கீமோ மட்டும் நஞ்சில்லையா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நித்தியகல்யாணியைப் பாருங்கள். தென்மாவட்டக் கரிசல் காடுகளில் ஏற்றுமதிக்காகவே பயிரிட்ட செடி. அதன் இலையிலிருந்து கிடைத்த வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்றும் ரத்தப்புற்றுள்ள குழந்தைகளைப் பிழைக்கவைக்கிறது. அது கொடிய நஞ்சு, நரம்பைக் கெடுக்கும், ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் வழக்கமாகக் கொடுப்பதில்லை. நஞ்சாக இருப்பது மருந்தாவதற்குத் தடையில்லை. எவ்வளவு கொடுத்தால் கட்டி சாகும், எவ்வளவு கொடுத்தால் ஆள் சாவார் என்ற இரண்டு எண்களும் தெரிந்து, இடையில் போதிய இடைவெளி இருந்தால்தான் அது மருந்து. துளசி எண்ணெய்க்கு இந்த இரண்டு எண்ணும் கிடையாது.

அப்படியானால் எதை நிரூபணம் என்பது? அதற்கான பதிலைத் திண்டுக்கல் மாவட்டமே உலகத்துக்குத் தந்திருக்கிறது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையின் கிறிஸ்தவ ஐக்கிய சமூக சுகாதார மையம், சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகியவை சேர்ந்து இந்த மாவட்டத்தின் கிராமங்களில் கர்ப்பப்பைவாய்ப் புற்றுக்கு ஒரு சோதனை நடத்தின. காடியில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கர்ப்பப்பை வாயில் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைப் பயிற்சி பெற்ற செவிலியர் கண்ணால் பார்ப்பதுதான் முறை. ஆய்வுக்கு எடுத்த ஊர்களை 114 பகுதிகளாகப் பிரித்துச் சீட்டுக் குலுக்கி, பாதியில் சோதனை, மீதியில் வழக்கமான கவனிப்பு என்று வகுத்தார்கள். 2000-க்கும் 2003-க்கும் இடையில் 30 முதல் 59 வயது வரையுள்ள 31,343 பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். மாற்றம் தெரிந்தவர்களுக்குக் குளிர் சிகிச்சை தரப்பட்டது. அம்பிளிக்கையின் புற்றுநோய்ப் பதிவேடு யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார் என்று வருடக்கணக்கில் ஊர் ஊராக எண்ணியது. 2007-இல் சங்கரநாராயணன் குழுவினர் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார்கள்: நோய் வருவது 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன.

விலை குறைந்த ஒரு திரவம்; செவிலியர்; பதிவேடு. அவ்வளவுதான். ஆனால் அங்கே எண்ணியது மனித உயிர்களை. புதினாக் குடும்பத்து எண்ணெய்கள் பற்றிய நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் இந்தக் கணக்கை எட்டியது ஒன்றுகூட இல்லை.

எண்ணெய்களுக்குப் பயனே இல்லையா என்றால், உண்டு. கீமோவால் வரும் வாந்தியைப் பெப்பர்மின்ட், ஸ்பியர்மின்ட் எண்ணெய் மாத்திரைகள் ஓரளவு குறைத்ததாக 2013-இல் ஈரானிய ஆய்வு ஒன்று காட்டியது. குடல் இழுப்புக்குப் பெப்பர்மின்ட் மாத்திரையை மருத்துவர்களே எழுதித் தருகிறார்கள். இவை எளிய பலன்கள், உண்மையான பலன்கள். புற்றுநோய்க்கு என்று பொய் சொல்லாமலே இந்த எண்ணெய்களுக்கு மரியாதை உண்டு.

காந்திகிராமத்திலும் மதுரையிலும் தாவர வேதியியல் படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். இன்னொரு துளசி எண்ணெயை இன்னொரு தட்டில் விட்டு இன்னொரு ஐ.சி.50 எழுதுவதால் யாருக்கும் லாபமில்லை. நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கு வரும் துளசியிலும் மருவிலும் என்னென்ன எவ்வளவு இருக்கிறது, மாதத்துக்கு மாதம் எப்படி மாறுகிறது, கடையில் விற்கும் புட்டியில் சொன்னதுதான் இருக்கிறதா, மெதில் யூஜினால் எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். அதை ஊரே படிக்கும். புற்றுநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தவும் இத்தகைய அளவுகள் உதவும்.

கீமோவிலோ கரண்டு வைத்தியத்திலோ இருப்பவர்கள், வீட்டில் எந்த எண்ணெயை, கஷாயத்தை எடுத்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சொன்னால் திட்டுவார் என்று பயப்படவும் வேண்டாம். 30 வயது தாண்டிய பெண்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கர்ப்பப்பைவாய்ப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். அரசு நிலையங்களில் அதற்குக் காசு கிடையாது.